ஏஐ வரைந்ததா, நீங்கள் வரைந்ததா?

டிசைன் மாணவி, போடிநாயக்கனூர்: ஏலக்காய் டப்பாவுக்கு அட்டை வடிவமைக்கிறேன். கடைசிப் பக்கத்தில் 'ஏஐ உதவியுடன்' என்று ஒரு வரி போட்டால் போதாதா?

போதாது. என்ன உதவி? ஐடியா தேடவா, நிறம் பார்க்கவா, முடிந்த படமே அதுதானா? எந்தக் கருவி, எந்தத் தேதி, என்ன கேட்டீர்கள், வந்ததில் எதை மாற்றினீர்கள் என்பதை அந்தப் படத்துக்குக் கீழேயே எழுதுங்கள். "பின்னணி மலை மட்டும் மிட்ஜர்னி என்ற ஏஐ கருவி வரைந்தது; காய், எழுத்து, அமைப்பு என்னுடையவை" என்பது மாதிரி.

மாணவர், தேவாரம்: உண்மையைச் சொன்னால் மார்க் குறையுமே?

போடி ஏலக்காய் ஏல மையத்தில் வியாபாரி சாம்பிளைக் கையில் எடுத்துப் பார்த்துத்தான் விலை கேட்கிறார். 8 மில்லிமீட்டர் காய்க்கு ஒரு விலை, 6 மில்லிமீட்டருக்கு ஒரு விலை. இரண்டையும் கலந்து வைத்தால் பெரிய காய்க்கும் சேர்த்து விலை இறங்கும். உங்கள் வேலையும் அப்படித்தான். பிரித்துக் காட்டினால்தான் உங்கள் பங்குக்கு உரிய மார்க் கிடைக்கும். ஆசிரியர்களுக்கும் ஒரு வார்த்தை: ஒப்புக்கொண்டதற்காக மார்க்கை வெட்டினால், அடுத்த செமஸ்டரில் வகுப்பே மறைக்கக் கற்றுக்கொள்ளும்.

மாணவர், குரங்கணி: ஏஐ வரைந்த ஏலச்செடியைப் பார்த்துத் தாத்தா சிரிக்கிறார். ஏன்?

காய் கிளையில் தொங்குகிறதா? ஏலச்செடிக்குக் கிளையே கிடையாது. தண்டுபோல் நிற்பது சுற்றிச் சுற்றி அமைந்த இலையுறை. காய் பிடிப்பது தூரிலிருந்து கிளம்பும் சரத்தில். தோட்டத்தில் பெண்கள் நாள் முழுக்கக் குனிந்தும் உட்கார்ந்தும் பறிப்பது அதனால்தான். காயை மேலே தொங்கவிடும் படம் அவர்கள் உழைப்பையே அழித்துவிடுகிறது. தாத்தாவை உட்காரவைத்துத் திருத்துங்கள். "சரத்தின் இடத்தைத் திருத்தியவர் என் தாத்தா, ஏல விவசாயி" என்று அதையும் குறிப்பில் எழுதுங்கள். மெஷினுக்கு நன்றி சொல்லப் படிவம் தரும் கல்லூரிகள் இந்த மனிதர்களுக்கும் ஒரு வரி ஒதுக்க வேண்டும்.

மாணவி, சின்னமனூர்: படத்தில் காயின் பச்சையைக் கொஞ்சம் தூக்கலாமா?

காய்க்குச் சாயம் ஏற்றுவது உணவுப் பாதுகாப்பு விதிப்படி தவறு. டப்பாவின் மேல் உள்ள படத்திலும் அது வேண்டாம்.

மாணவர், தேனி: ஏஐயை இணைப் படைப்பாளி என்று போடலாமா?

கூடாது. பிழை வந்தால் பொறுப்பேற்க அதனால் முடியாது. 2023 ஜனவரியிலேயே 'நேச்சர்' அறிவியல் இதழ் ஏஐயைக் கட்டுரை ஆசிரியராக ஏற்க மறுத்துவிட்டது. அடுத்த மாதம் அமெரிக்கப் பதிப்புரிமை அலுவலகம் 'ஜார்யா ஆஃப் த டான்' காமிக்ஸில் எழுத்துக்கும் அடுக்கிய விதத்துக்கும் உரிமை தந்தது. மிட்ஜர்னி படங்களுக்குத் தரவில்லை. எது உங்களுடையது என்று எழுதிவைப்பது நாளைய உரிமைக்கும் ஆதாரம்.

பெற்றோர், போடி: ஏஐ பயன்படுத்தியதைச் சாஃப்ட்வேர் வைத்துப் பிடித்துவிடுவார்களாமே?

அவை தவறும். ஓப்பன்ஏஐ நிறுவனமே, எழுத்து ஏஐயுடையதா என்று சோதிக்கத் தான் வெளியிட்ட கருவியைத் துல்லியம் போதாதென்று 2023 ஜூலையில் விலக்கிக்கொண்டது. இத்தகைய கருவிகளை மட்டும் நம்பி எந்தப் பிள்ளையையும் குற்றவாளி ஆக்கக் கூடாது. பென்சில் ஸ்கெட்ச் முதல் இடையில் சேமித்த கோப்புகள் வரை பத்திரப்படுத்தச் சொல்லுங்கள். அதைவிட நல்ல சாட்சி இல்லை.

விரிவுரையாளர், உத்தமபாளையம்: எங்கள் துறையில் இதற்கு விதியே இல்லை. எங்கே தொடங்குவது?

அசைன்மென்ட் தாளில். எந்தக் கட்டத்தில் ஏஐ ஆகும், எதில் ஆகாது என்று நான்கே வரி. விதி சொல்லாமல் தண்டிப்பது அநியாயம். அடுத்த அசைன்மென்ட்டிலேயே அந்த வரிகளைச் சேர்த்துவிடுங்கள்.