ரப்பர் வளையம்

கேள்வி: சின்னப் பிரச்சினையைத் தலைக்கு மேல் போகும்வரை ஏன் கண்டுகொள்வதில்லை?

பதில்: 'இதுவரை ஒன்றும் ஆகவில்லையே' என்ற தெம்புதான். சேலஞ்சர் விண்கலத்தை எடுத்துக்கொள்ளுங்கள். பூஸ்டர் ராக்கெட்டின் இணைப்பை அடைக்கும் ரப்பர் வளையம் சூட்டில் அரிபடுவது 1981-லேயே தெரியும். ஒவ்வொரு முறையும் விண்கலங்கள் பத்திரமாகத் திரும்பியதால் அரிப்பும் சகஜமாகிவிட்டது. 1986 ஜனவரி 28, உறைய வைக்கும் குளிர். ரப்பர் விறைத்துவிடும், ஏவ வேண்டாம் என்று முந்தின இரவே பொறியாளர்கள் மன்றாடினார்கள். எடுபடவில்லை. 73-வது விநாடியில் கலம் சிதறியது. 7 பேரும் போனார்கள். ஆபத்து என்று நிரூபிக்கும் பாரத்தை எச்சரித்தவர் தலையிலேயே கட்டினார்களே, அதுதான் எனக்கு ஆறவேயில்லை. பத்திரம் என்று நிரூபிக்க வேண்டியது ஏவுகிறவர் அல்லவா? சரி, உங்கள் வீட்டு கேஸ் ட்யூப் மாற்றி எத்தனை வருஷம் ஆயிற்று?