லண்டன் கடிதம்: கனம் வேறு, கதகதப்பு வேறு

இங்கிலாந்தில் போர்வை வாங்கக் கடைக்குப் போகும் தமிழர் முதலில் அதைக் கையில் தூக்கிப் பார்க்கிறார். கனத்தால் நல்ல சரக்கு, லேசாக இருந்தால் ஏமாற்று என்பது சென்னிமலைப் போர்வையிலும் முரட்டுக் கம்பளியிலும் பழகிய கையின் தீர்ப்பு. அந்தத் தீர்ப்பு இங்கே செல்லாது. இந்த ஊர்க் கடைகளில் விலை உயர்ந்த குளிர்காலப் போர்வைதான் பெரும்பாலும் எடை குறைந்தது.

போர்வை தானாகச் சூட்டை உண்டாக்குவதில்லை. படுத்திருப்பவரின் உடற்சூட்டை வெளியே விடாமல் பிடித்துவைப்பதே அதன் வேலை. அந்த வேலையைச் செய்வது பஞ்சிலும் இறகிலும் அசையாமல் சிக்கி நிற்கும் காற்று. ஆக, நல்ல போர்வையின் பெரும்பகுதி வெறும் காற்றுதான். காசு கொடுத்துக் காற்று வாங்கலாம் என்று ஊரிலிருந்து வந்தவர் மனசு ஒப்புவதற்கு ஒரு குளிர்காலம் கழிய வேண்டியிருக்கிறது.

இங்கே எல்லா வீட்டிலும் இருப்பது டூவே. இறகோ செயற்கைப் பஞ்சோ அடைத்துத் தைத்த பெரிய பொதி. அதற்குத் தலையணைக்குப் போல ஓர் உறை. இதுவும் வெள்ளைக்காரர்களின் பரம்பரைச் சொத்து அல்ல. விரிப்பு, அதன் மேல் கம்பளிகள் என்று அடுக்கி, ஓரங்களை மெத்தைக்கு அடியில் செருகிப் படுத்தவர்கள் அவர்கள். டெரன்ஸ் கான்ரன் 1964-இல் லண்டனில் திறந்த ஹாபிடாட் கடைதான் டூவேயைப் பிரிட்டிஷ் படுக்கையறைகளில் பரப்பியதில் முன்னால் நின்றது.

டூவேயின் கதகதப்புக்கு ‘டாக்’ என்று ஓர் அளவு உண்டு. 1940-களில் மான்செஸ்டரின் ஷர்லி நெசவு ஆராய்ச்சி நிலையத்தில் பிறந்தது. 10 டாக் போர்வையின் உள்பக்கத்துக்கும் வெளிப்பக்கத்துக்கும் 10 டிகிரி வித்தியாசம் இருந்தால், ஒரு சதுர மீட்டர் வழியாக 10 வாட் சூடு வெளியேறும். டாக் இரட்டித்தால் வெளியேறும் சூடு பாதியாகும். கடையில் இத்தனை கணக்கு வேண்டாம்: 4.5 கோடைக்கு, 10.5 இடைப்பட்ட மாதங்களுக்கு, 13.5 குளிர்காலத்துக்கு. 4.5-ஐயும் 9-ஐயும் பொத்தான் போட்டு இணைத்து 13.5 ஆக்கிக்கொள்ளும் இரட்டை டூவேயும் கிடைக்கிறது. சிக்கனக்காரர்களுக்கு அதுவே உத்தமம்.

புதிதாக வந்தவர் யோசிக்காமல் 13.5-ஐத் தூக்கிக்கொண்டு வருவார். வீட்டு ஹீட்டரை இரவில் அணைத்து, அறை 16, 17 டிகிரிக்கு இறங்கினால் அது சரி. ஹீட்டரும் ஓடி, 13.5-உம் மேலே கிடந்தால், நடுராத்திரியில் சித்திரை வெயில் வந்துவிடும். ஒரு காலை மட்டும் வெளியே நீட்டிக்கொண்டு தூங்கும் கலை அப்போதுதான் கைகூடுகிறது. ஒரே டூவேக்குள் கணவனும் மனைவியும் படுத்தால் ஒருவருக்கு வேர்க்கும், ஒருவருக்கு வெடவெடக்கும். ஜெர்மனியிலும் சுவீடனிலும் ஆளுக்கொரு டூவே வைத்துக் கொண்டு அந்த வழக்கைத் தீர்த்துவிட்டார்கள். இங்கிலாந்தில் அது இன்னும் வாய்தாவில் கிடக்கிறது.

உள்ளே என்ன அடைத்திருக்கிறது என்பது அடுத்த கேள்வி. வாத்தின் அடிவயிற்று மென்தூவி லேசானது, சூடானது, விலையும் அதிகம். சாதாரண இறகு மலிவு. சமயத்தில் உறையைத் துளைத்துக் குத்தும். சைவக் குடும்பங்களில் வாத்தைச் சாப்பிடக் கூடாது, போர்த்திக்கொள்ளலாமா என்று பட்டிமன்றமே நடக்கும். தீர்ப்பு பெரும்பாலும் பாலியெஸ்டருக்கு. அது துவைக்க எளிது, ஆனால் சில வருடங்களில் அமுங்கித் தட்டையாகும்.

இதையெல்லாம் கேட்ட பிறகும் மேலே பாரம் இருந்தால்தான் தூக்கம் வரும் என்பவர்கள் உண்டு. அவர்களுக்கென்றே சிறு கண்ணாடி மணிகளைக் கட்டம் கட்டமாக உள்ளே வைத்துத் தைத்த எடைப் போர்வை விற்கிறது. படுப்பவரின் எடையில் பத்தில் ஒரு பங்கு என்பது கடைக்காரர்கள் சொல்லும் கணக்கு. 70 கிலோ ஆளுக்கு 7 கிலோ. மனநலச் சிக்கலோடு தூக்கமின்மையும் உள்ள 120 பேரை வைத்து சுவீடனில் நடந்து 2020-இல் வெளிவந்த ஓர் ஆய்வில், சங்கிலி கோத்த எடைப் போர்வை போர்த்தியவர்களுக்குத் தூக்கம் மேம்பட்டது. அது தருவது அழுத்தம். கதகதப்பை டாக் எண்ணில்தான் பார்க்க வேண்டும். கைக்குழந்தைகளுக்கு இது கூடவே கூடாது. மூச்சுக் கோளாறு உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்டே வாங்க வேண்டும்.

கூடுதல் கதகதப்புக்குச் செலவில்லாத வழி, அம்மா பெட்டியில் திணித்து அனுப்பிய போர்வையே. ஆனால் அதை டூவேயின் மேலே விரிக்கலாகாது; இறகு அமுங்கி, காற்று வெளியேறி, கொடுத்த காசு வீணாகும். அது உடம்போடு ஒட்டி டூவேக்குக் கீழே இருக்க வேண்டும்.

டூவே வாங்கும்போது கட்டிலைவிடப் பெரியதாகப் பார்க்க வேண்டும். 135 சென்டிமீட்டர் அகல இரட்டைக் கட்டிலுக்கு 200 சென்டிமீட்டர் அகல டூவே. உறை மாட்டுவது தனி வித்தை. உறையை உள்வெளியாகத் திருப்பி, இரு கைகளையும் உள்ளே விட்டு, டூவேயின் இரு மூலைகளைப் பிடித்து உதறினால் அது தானாக இறங்கும். அது தெரியாதவர் தலையோடு உறைக்குள் புகுந்து வழி தேடிக்கொண்டிருப்பார்.

உறையை அடிக்கடி துவைத்தால் டூவேயை எப்போதாவது துவைத்தால் போதும். பெரிய டூவே வீட்டு வாஷிங் மெஷினில் நுழையாது. காசு போட்டு ஓட்டும் சலவைக்கூடத்துக்குச் சுமந்து போக வேண்டும். உள்ளே ஈரம் தங்கினால் நாற்றம் எடுக்கும் என்பதால் உலர்த்தும் மெஷினில் முழுதாகக் காயவிட வேண்டும். கூடவே இரண்டு டென்னிஸ் பந்துகளைப் போட்டால், அவை அடித்து அடித்துத் திரண்ட இறகைப் பிரித்துவிடும்.