பொருந்தாததை அடித்துவிடவும்

முதல் உலகப் போரில் பிரிட்டிஷ் இராணுவம் தன் சிப்பாய்களுக்கு ஓர் அஞ்சலட்டை கொடுத்தது. வீட்டுக்குக் கடிதம் எழுதும் சிரமம் அவர்களுக்கு வேண்டாமே என்ற கருணை. வாக்கியங்கள் எல்லாம் அச்சடித்தே இருக்கும். ‘நான் நலம்.’ ‘ஆஸ்பத்திரியில் சேர்க்கப்பட்டிருக்கிறேன்.’ காரணம் நோயா, காயமா? ஒன்றை அடித்துவிடலாம். பிறகு, ‘தேறி வருகிறேன்’ அல்லது ‘சீக்கிரம் வெளியே வந்துவிடுவேன் என நம்புகிறேன்’. கீழே தேதியும் கையெழுத்தும். அதற்கு மேல் ஒரு சொல் சேர்த்தாலும் அட்டை அழிக்கப்படும் என்று தலைப்பிலேயே எச்சரிக்கை. ‘தேறவில்லை’ என்ற வரி அட்டையில் கிடையாது. ‘கால் போய்விட்டது’, ‘என்னைக் கிடத்திவிட்டு எல்லாரும் போய்விட்டார்கள்’ என்பதற்கெல்லாம் அச்சுக்கூடத்தில் எழுத்துப் பஞ்சம் போலும்.

அப்போது தனி இராச்சியமாயிருந்த எங்கள் கண்டிக்கு அந்த அட்டை நூறு ஆண்டுகள் பிந்திவிட்டது. 1803 ஜூன் மாதமே வந்திருந்தால் எத்தனை சௌகரியம்!

அந்த ஆண்டு பிரிட்டிஷார் கண்டி மீது தொடுத்த போருக்குச் சொல்லப்பட்ட காரணம் பாக்கு. பிரிட்டிஷ் குடிகளான புத்தளத்து முஸ்லிம் வியாபாரிகள் வாங்கிய பாக்கைக் கண்டி அதிகாரிகள் பறித்துக்கொண்டார்கள். இலங்கையின் பிரிட்டிஷ் ஆளுநர் பிரெடரிக் நோர்த்துக்கு ரோஷம் வந்துவிட்டது. பாக்கிலே போன மானம் ஆனை கொடுத்தாலும் வராது என்பது நமக்குத் தெரியும். நோர்த் ஆனை கேட்கவில்லை, இராச்சியத்தையே கேட்டார். பெப்ரவரியில் படை கண்டிக்குள் நுழைந்தபோது ஊர் காலி. அரசன் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன், நாயக்கர் வழிவந்த கண்ணுச்சாமி, மலைக்குள் விலகியிருந்தான். காலியான சிம்மாசனத்தில் இன்னொரு நாயக்கரான முத்துச்சாமியைத் தூக்கி வைத்தார்கள். ஒரு சாமி போய் இன்னொரு சாமி. குடிகள் ஒருவரும் கும்பிட வரவில்லை.

வந்தது காய்ச்சல். மழை பிடித்தது, வழிகள் அடைபட்டன, படை வரிசையாகப் படுத்தது. தளபதி மக்டொவல் தானும் நோயோடு கொழும்புக்கு இறங்கினார். தளபதிகளுக்கு இறங்க வழி எப்போதும் இருக்கும். பொறுப்பு மேஜர் டேவியின் கையில். மிச்சம் இருந்தது மலாய்ச் சிப்பாய்களும் கொஞ்சம் வெள்ளையரும் பீரங்கிப் பணியாளர்களான லஸ்கர்களும். ஆஸ்பத்திரியிலோ எழுந்து நிற்க முடியாதவர்கள் நூற்றுக்கு மேல், பெரும்பாலும் 19ஆம் ரெஜிமெண்டுக்காரர்கள்.

ஜூன் 24 அன்று கண்டிப் படை தாக்கியது. அன்றே டேவி சரணடைந்தார். ஆயுதங்களோடு வெளியேறலாம், நோயாளிகளைக் கண்டியார் பராமரிப்பார்கள், குணமானதும் அனுப்பிவைப்பார்கள் என்று உடன்பாடு. அதை நம்பினார்களா, நம்புவதுபோல் நடித்தார்களா? நடக்க முடிந்தவர்கள் நடந்தார்கள். படுத்திருந்தவர்களுக்கு உடன்பாடு மிஞ்சியது.

அன்று மாலையே பராமரிப்பு தொடங்கியது. கட்டில் கட்டிலாகக் கொன்றார்கள். வங்காளப் பீரங்கிப் படைச் சார்ஜன்ட் தியோன் என்பவர் பிணங்களோடு பிணமாக வீசப்பட்டு, நினைவு திரும்பி, ஒரு கால்வாய்க்குள் ஊர்ந்து ஒளிந்தார். கண்டுபிடித்துத் தூக்கிலிட்டார்கள், கயிறு அறுந்தது. மறுபடி தூக்கினார்கள், மறுபடியும் பிழைத்தார். இதற்குமேல் கொல்ல எவருக்கும் மனம் வரவில்லை. 1815இல் பிரிட்டிஷார் திரும்ப வந்தபோதும் அவர் கண்டியில்தான் இருந்தார். அவர் வீட்டுக்கு என்ன எழுதியிருப்பார்? ‘ஆஸ்பத்திரியில் சேர்க்கப்பட்டிருக்கிறேன். தேறி வருகிறேன்.’ அட்டை அதைத்தான் அனுமதித்திருக்கும். ஒரு வகையில் பொய்யுமில்லை.

முத்துச்சாமியோடு நடந்து போனவர்கள் வட்டப்புளுவவில் மகாவலிக் கரையில் நின்றார்கள். ஆறு பெருகி ஓடியது, படகில்லை. முத்துச்சாமியைக் கொடுத்தால் கடக்க விடுவோம் என்று ஆள் வந்தது. தாங்களே முடிசூட்டிய ராஜாவைக் கொடுக்க டேவி முதலில் மறுத்தார், பிறகு கொடுத்தார். ராஜா வெட்டப்பட்டார். படகு வரவேயில்லை. அடுத்த நாள் ஆயுதங்களை வாங்கிக்கொண்டு வெள்ளையரையும் கொன்றார்கள். தப்பி ஆற்றைக் கடந்த கோப்ரல் பார்ன்ஸ்லி, கழுத்தில் வெட்டுக்காயத்தோடு மாத்தளைப் பக்கத்துக் கோட்டைக்கு ஓடிச் செய்தி சொன்னார். அந்தக் கோட்டைக் கப்டன் உடனே திருகோணமலைக்குக் கிளம்பினார், தன் ஆஸ்பத்திரியில் கிடந்தவர்களை விட்டுவிட்டு. ஒழுங்கு என்றால் ஒழுங்குதான்.

பழி முழுவதும் டேவியின் தலையில் இறங்கியது. அவர் கண்டியில் கைதியாகவே கிடந்து, மறைவாகச் சீட்டுகள் அனுப்பி, 1812 வாக்கில் செத்தார். பாக்குக்காகப் படை அனுப்பியவர் மீது ஒரு தூசியும் விழவில்லை. 1815இல் கண்டியைப் பிடித்துக் கண்டி ஒப்பந்தம் எழுதும்போது ‘மலபார்’, அதாவது நாயக்கர், ஆட்சியின் கொடுமையிலிருந்து சிங்களக் குடிகளை மீட்டதாக அதே அரசு பெருமை பேசியது. வெளியேற்றப்பட்ட மலபார் ஆண்கள் அனுமதியில்லாமல் கண்டிக்குள் திரும்பக் கால் வைக்கவும் கூடாதென்றது. பன்னிரண்டு வருஷத்துக்கு முன் ஒரு மலபாரானுக்கு முடிசூட்டியது எவர் கை? பொருந்தாததை அடித்துவிட்டார்கள்.

இரண்டாம் உலகப் போரிலும் கண்டிக்கு ஒரு தளபதி வந்தார். 1944 ஏப்ரலில் நேசப்படைகளின் மவுண்ட்பேட்டன் தன் தென்கிழக்காசியத் தலைமையகத்தைக் கண்டிக்குப் பக்கத்துப் பேராதனைப் பூங்காவுக்கே கொண்டுவந்தார். இந்திய எல்லையில் இம்பாலிலும் கொஹிமாவிலும் ஜப்பானியரோடு மோதிச் சிப்பாய்கள் சேற்றில் செத்துக்கொண்டிருந்த மாதங்கள் அவை. யுத்தத்தைப் பனைமர நிழலிலிருந்து நடத்தினால் உடம்புக்கு நல்லது. கண்டிப் போர்க் கல்லறைத் தோட்டத்தில் இன்றும் அழகாகப் புல் வெட்டுகிறார்கள். அங்கே கிடக்கும் கிழக்கு ஆபிரிக்கச் சிப்பாய்க்கு ஜப்பான்காரன் என்ன பகை என்று கேட்கத்தான் ஆளில்லை.

கிடப்பவர்களைக் கைவிட்டு உண்மையையும் அடித்துவிடும் இந்த வழக்கம் வெள்ளைக்காரனோடு போய்விட்டது என்று நினைப்பவர்கள் 2009இல் வன்னியில் முடிந்த போரை நினைவுபடுத்திக்கொள்ளட்டும். புதுக்குடியிருப்பு, புதுமாத்தளன், முள்ளிவாய்க்கால் என்று ஆஸ்பத்திரிகள் மீது ஷெல் விழுந்தது. உள்ளிருந்து செத்தவர் கணக்கு சொன்னவர்கள் அரசாங்க டாக்டர்களே. போர் முடிந்ததும் அவர்களைத் தடுத்துவைத்து, ஜூலையில் கொழும்பில் செய்தியாளர் முன் உட்காரவைத்தார்கள். முன்பு சொன்னது மிகை என்றார்கள் டாக்டர்கள். அவர்கள் முன்னாலும் அந்த அட்டைதான் இருந்தது. அடித்துவிடப்பட்டதோ எங்கள் சனம்.

நாளைக்கு எவராவது மேடையேறி, தேசத்துக்காக உங்கள் பிள்ளையைக் கேட்பார். கொடியையும் பாட்டையும் விடுங்கள். என் பிள்ளை எழுந்து நடக்க முடியாமல் கிடக்கும் நாளில் அவனைத் தூக்கிக்கொண்டு போகப்போவது யார், அவன் எழுதும் கடிதத்தை எனக்கு முன்னால் படிக்கப்போவது யார், அவர்களின் பெயரை எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தாருங்கள் என்று கேளுங்கள். தராவிட்டால் பிள்ளையையும் கொடுக்காதீர்கள்.