டீக்கடை டர்போக்கள்

கோயம்புத்தூரில் கார்ப் பைத்தியங்கள் கூடும் டீக்கடையில் வாரன்ட்டி பற்றி உரக்கப் பேசுகிறவர், பெரும்பாலும் அதை எப்போதோ தொலைத்தவராக இருப்பார். டர்போ டீசலின் இன்ஜினை ஆளும் கணினியான இசியூவை ரீமேப் செய்து கூடுதல் குதிரைகளைக் கட்டியிருப்பார். சர்வீஸுக்கு விடும் முன்தினம் பழைய மென்பொருளை ஏற்றி, வண்டிக்கு விபூதி பூசிப் பரம சாதுவாக்கிவிடுவார். தன்மீது எத்தனை முறை எழுதினார்கள் என்று பல இசியூக்கள் கணக்கு வைத்திருக்கும் என்பது, டர்போ போன பிறகே தெரியவரும். “கம்பெனிக்காரன் ஏமாத்தறானுங்ணா!”

மின்கார் என்றால் இவர்களுக்கு இளக்காரம். 2024இல் எம்ஜி காமெட்டை 4.99 லட்சத்துக்கு அறிவித்தார்கள். பேட்டரிக்குக் கிலோமீட்டருக்கு 2.50 ரூபாய் வாடகை, சார்ஜ் தனி. காரை வாங்கிவிட்டு அதன் உயிருக்கு வாடகையா என்று சிரித்தார்கள். தங்கள் வண்டி கிலோமீட்டருக்கு எவ்வளவு குடிக்கிறது என்று கேட்டால் மட்டும் பேச்சு மாறும். அது ரசனையாம்! எக்ஸாஸ்ட் குழாயே இல்லாத வண்டியில் எதைக் கழற்றி எதை மாட்டுவது என்பதுதான் உள்ளபடி துக்கம்.

அவர்களில் ஒருவர் இப்போது மின்கார் வாங்கியிருக்கிறார், மனைவிக்காகவாம். முதல் வாரமே அகல டயர் மாட்டினார். ரேஞ்ச் குறைகிறது, வாரன்ட்டியில் சரிசெய்து கொடு என்று சர்வீஸ் சென்டரில் நிற்கிறார்.