‘பக்கந்தானுங்க’ என்னும் அளவை: வடவள்ளியில் வீடு தேடல் குறித்து ஓர் ஆய்வுரை

வீடு கட்டுவதற்கு மனையடி சாஸ்திரம் இருக்கிறது. பால் காய்ச்சுவதற்கு நாளும் நேரமும் பஞ்சாங்கத்தில் இருக்கின்றன. ஆனால் ஒரு குடும்பம் ஊர் பேர் தெரியாத தெருக்களில் வாடகைப் பலகையைத் தேடி வண்டியில் சுற்றும் அந்த மூன்று நான்கு ஞாயிற்றுக்கிழமைகளைப் பற்றி எந்த நூலும் வாய் திறப்பதில்லை. அந்தக் குறையைப் போக்க எழுந்ததே இவ்வாய்வு. துறைக்குப் ‘புகுகுடியியல்’ என்று பெயர் சூட்டப்படுகிறது. ஆட்சேபம் உள்ளவர்கள் தங்களுக்கு வீடு அமைந்த பிறகு எழுதித் தெரிவிக்கலாம்.

ஆய்வுக்களம் வடவள்ளி. கோவையின் மேற்கே, மருதமலை சாலையில், வேளாண் பல்கலைக்கழகத்துக்கும் மலையடிவாரத்துக்கும் நடுவே கிடக்கும் ஊர். 2011 வரை தனிப் பேரூராட்சி. அந்த ஆண்டு கோவை மாநகராட்சி துடியலூர், சரவணம்பட்டி, காளப்பட்டி, வீரகேரளம் என்று சுற்றுப்புறத்தையெல்லாம் வாரி மடியில் கட்டிக்கொண்டபோது வடவள்ளியும் உள்ளே போனது; 72 வார்டுகள் 100 ஆயின. காகிதத்தில் ஊர் நகரமாகிவிட்டது. ஆனால் வடவள்ளிக்காரர் காந்திபுரம் கிளம்பும்போது இன்றைக்கும் “டவுனுக்குப் போயிட்டு வந்தர்றனுங்க” என்றுதான் சொல்கிறார். அரசாணை வார்டைத்தான் மாற்றியது, வாய்ப்பேச்சை அல்ல.

முன்னோர் ஆய்வுகளைக் குறிப்பிடாமல் போனால் இது ஆய்வாகாது. 1800-ல் பிரான்சிஸ் புக்கானன் என்ற மருத்துவர் கம்பெனி உத்தரவின் பேரில் இந்தப் பக்கம் வந்தார். மண், கிணறு, பயிர், நெசவு எல்லாவற்றையும் விசாரித்து எழுதினார். 1887-ல் நிக்கல்சன் என்ற ஆங்கிலேய அதிகாரி கோயம்புத்தூர் மாவட்டத்துக்குத் தடித்த கையேடு ஒன்று தந்தார். பின்னர் கோவை கிழார் என்று அறியப்பட்ட சி. எம். இராமச்சந்திரன் செட்டியார் கொங்கு நாட்டு வரலாற்றை உழைத்து எழுதினார். மூவரையும் வணங்கிவிட்டு ஒன்றைச் சொல்லியாக வேண்டும். மாடி வீட்டுக்குத் தனி மீட்டர் உண்டா, வண்டி நிறுத்த இடம் இருக்கிறதா என்ற இரண்டு கேள்விகளுக்கும் இவர்களிடம் விடை கிடைக்காது.

இனி ஆய்வாளர். அவர் சென்னையிலிருந்து மாற்றலாகி வந்தவர். மனைவி, பள்ளிக்கூடம் போகும் மகள், ஒரு நோட்டு, ஒரு பேனா. நோட்டின் முதல் பக்கத்தில் எட்டுக் கேள்விகள். ஊரை ஆராயப் போவது தான்தான் என்று அவர் உறுதியாக நம்பியிருந்தார்.

முதல் சிக்கல் தூரம். பேருந்து நிறுத்தத்தில் நின்ற பெரியவரிடம் “நவாவூர் பிரிவு எவ்வளவு தூரம்?” என்றார். “பக்கந்தானுங்க.” பாரதியார் பல்கலைக்கழகம்? “பக்கந்தானுங்க.” மருதமலை அடிவாரம்? “பக்கந்தானுங்க, வண்டியெடுத்தா போயிரலாம்.” சரி, காந்திபுரம்? “அதும் பக்கந்தானுங்க, எழுபதுல ஏறுனா நேரா எறங்கிக்கலாம்.” எழுபது என்றால் பேருந்து எண், ஆய்வாளர் கிலோமீட்டர் என்று எண்ணிச் சிறிது நேரம் கலங்கினார். தொடர்ந்து பதிவு செய்ததில் ‘பக்கம்’ என்ற அளவை முந்நூறு அடியிலிருந்து பத்து கிலோமீட்டர் வரை விரியக்கூடியது என்று தெரியவந்தது. ‘தூரமுங்க’ என்ற எதிர்ச்சொல்லும் வழக்கில் உண்டு. தனக்குக் கமிஷன் கிடைக்காத வீட்டைப் பற்றிக் கேட்டால் புரோக்கர் அதைப் பயன்படுத்துகிறார். அந்த வீடு பெரும்பாலும் அடுத்த தெருவில்தான் இருக்கிறது.

அளவைச் சிக்கல் அதோடு தீரவில்லை. சென்னையில் மனையைக் கிரவுண்டில் சொல்வார்கள். ஒரு கிரவுண்டு 2,400 சதுர அடி. கோவையில் அது ‘சைட்’, கணக்கு சென்டில். ஒரு சென்ட் 435.6 சதுர அடி. ஆகவே ஒரு கிரவுண்டு ஏறத்தாழ ஐந்தரை சென்ட். ஆய்வாளர் இதைப் போனில் பெருக்கிக்கொண்டிருந்தபோது புரோக்கர் பொறுமையாகக் காத்திருந்து, “நீங்க வாடகைக்குத்தானுங்களே பாக்கறீங்க?” என்று கேட்டார்.

ஊர்ப்பெயர்களையும் ஒரு புகுகுடி படித்தாக வேண்டும். கொங்கில் பாளையம் என்று கல்லெறிந்தால் இன்னொரு பாளையத்தில் விழும்: கவுண்டம்பாளையம், உப்பிலிபாளையம், பாப்பநாயக்கன்பாளையம், இடையர்பாளையம், கல்வீரம்பாளையம். நாயக்கர் காலத்துப் பாளையப் பிரிவினையின் எச்சம் இந்த ஈறு என்பார்கள். ‘புதூர்’ என்று முடிந்தால் ஒரு காலத்தில் புதிதாய் எழுந்த ஊர். இன்று அங்கே பழைய வீடுகளே அதிகம். ‘பிரிவு’ என்றால் பிரதான சாலையிலிருந்து கிளைச்சாலை பிரியும் இடம். அங்கே ஒரு பேக்கரி இல்லாதிருந்தால் ஆய்வாளர் வழி தவறிவிட்டார் என்று பொருள். ‘அவென்யூ’, ‘கார்டன்’ என்று முடிந்தால் நேற்றுவரை அது தோட்டம். ‘கார்டன்’ மட்டும் ஓரளவுக்கு உண்மையைச் சொல்கிறது.

இந்தப் பெயர்களையெல்லாம் ஒரே இடத்தில் தொகுத்துத் தரும் நூல் ஒன்று உண்டா என்று தேடிய ஆய்வாளர், கடைசியில் அதை நாளிதழின் உள்பக்கத்தில் கண்டெடுத்தார். ‘நாளைய மின்தடை’. பராமரிப்புப் பணிக்காக ஒவ்வொரு துணை மின்நிலையமும் பகல் பொழுதில் நிறுத்தப்படும். அதன்கீழ் வரும் நகர், காலனி, தெரு, தோட்டம் எல்லாம் வரிசையாக அச்சாகும். எந்தத் தெரு எந்தத் தெருவுக்கு உறவு, எந்தக் காலனி எந்த ஊரின் வால் என்று எந்த வரைபடமும் இவ்வளவு நாணயமாகக் காட்டியதில்லை. ஆய்வாளர் அந்தப் பத்தியைக் கத்தரித்து நோட்டில் ஒட்டிக்கொண்டார். மறுநாளே அந்தப் பட்டியலிலிருந்த வீடு ஒன்றைப் பார்க்கப் போனார். மின்விசிறி சுற்றாத நிலையில் வீட்டைப் பார்ப்பது சாலச் சிறந்தது. எந்த அறைக்குக் காற்று வரும் என்று உடனே தெரிந்துவிடும். பாலக்காட்டுக் கணவாயின் புண்ணியத்தில் ஆனி ஆடியில் கோவைக்குக் காற்றுக்குக் குறைவில்லை. அது ஜன்னல் வழியாக வரவேண்டும் என்பதை மட்டும் சில கட்டடக்காரர்கள் ஒப்புக்கொள்வதில்லை.

தண்ணீர் அத்தியாயம் நீளமானது. கொங்கு மக்களும் அதை நீளமாகவே பேசுகிறார்கள். வீட்டில் இரண்டு குழாய். ஒன்று உப்புத் தண்ணி, அதாவது போர் தண்ணி. மற்றது நல்ல தண்ணி. “எத்தனை நாளைக்கு ஒருக்கா வருது?” என்பதே சரியான கேள்வி, “வருகிறதா?” என்று கேட்பவர் வெளியூர்க்காரர். அடுத்த கேள்வி இன்னும் நுட்பமானது: “சிறுவாணிங்களா, பில்லூருங்களா?” பொதுவாக நகரின் மேற்கே சிறுவாணி, வடக்கிலும் கிழக்கிலும் பில்லூர், தெற்கே குறிச்சி, குனியமுத்தூர்ப் பக்கம் ஆழியாறு. சிறுவாணி அணை கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தில் இருக்கிறது. இரு மாநிலமும் 1973-ல் ஒப்பந்தம் போட்டன, அணை 1984-ல் நிறைவேறியது. ஆனால் சிறுவாணி நீர் நகருக்கு வந்தது அதற்கும் அரை நூற்றாண்டுக்கு முன்பே. அந்தப் பெருமையை ஊர் நகராட்சித் தலைவராயிருந்த இரத்தினசபாபதி முதலியாருக்குத் தருகிறது, ஆர்.எஸ்.புரத்தின் ஆரும் எஸ்ஸும் அவரே.

சிறுவாணி உலகின் இரண்டாவது சுவையான நீர் என்பது கோவையில் குழந்தைக்கும் தெரியும். முதலாவது எது என்று ஆய்வாளர் ஒன்பது பேரிடம் கேட்டார். ஒன்பது பேரும் அந்தக் கேள்வியை விரும்பவில்லை. ஒருவர் மட்டும், “அது எதுவா இருந்தா நமக்கென்னங்க, இங்க வர்றது இதுதானுங்களே” என்றார். முறையியல் நோக்கில் இது மறுக்க முடியாத பதில்.

களப்பணி நிலையமாக ஆய்வாளர் தேர்ந்தெடுத்தது ஒரு பேக்கரி. சென்னையில் டீக்கடை டீக்கடையாகவே இருக்கும். கோவையில் அது பேக்கரியாகப் பிறவியெடுத்திருக்கிறது. கண்ணாடிப் பெட்டியில் பப்ஸ், தேங்காய் பன், முன்னால் பிளாஸ்டிக் நாற்காலி, மாலையில் பக்கத்துத் தள்ளுவண்டியில் காளான். காளான் என்பது இப்பகுதியின் பெருமைமிகு சிற்றுண்டி. அதில் முட்டைக்கோஸ் மிகுதி, மாவு கணிசம், காளான் பெயரளவில். ஆய்வாளரின் மகள் இரண்டு தட்டு முடித்துவிட்டு இந்த ஊரே போதும் என்று முடிவு அறிவித்தாள். அவளுடைய ஆய்வு அன்றே முடிந்தது.

இங்கேதான் ஆய்வின் திசை திரும்பியது. கேள்வி கேட்க உட்கார்ந்த ஆய்வாளர் பதில் சொல்லிக்கொண்டிருந்தார். “எந்த ஊருங்க?” “எங்கீங்க வேலை?” “அம்மணியும் வேலைக்குப் போறாங்களா?” “எத்தனை பேருங்க?” ஒவ்வொன்றிலும் ஒரு ‘ங்க’. திட்டுவதற்குக்கூட மரியாதை விகுதி சேர்க்கும் ஊர் இது. அந்த விகுதி விசாரணையையும் விருந்துபோல் ஆக்கிவிடுகிறது. வீட்டுக்காரம்மா ஒருவர் இன்னும் மெதுவாக, “குலதெய்வம் எங்கீங்க?” என்று கேட்டார். ஆய்வாளருக்கு இது பக்தி பற்றிய கேள்வியாகப் பட்டது. ஊரின் பெயரைச் சொல்லிப் பிரகாரம் வரை விவரித்தார். கொங்கில் ஒவ்வொரு கூட்டத்துக்கும், அதாவது குலப்பிரிவுக்கும், காணியூரும் கோயிலும் உண்டு. கோயிலைச் சொன்னால் மற்றதெல்லாம் தானாக வந்துவிடும். சாதி என்ற சொல்லை யாரும் வாயில் எடுக்கவில்லை. வாடகைப் பலகையில் ‘சைவம் மட்டும்’ என்று எழுதுவதும் இதே இலக்கணத்தைச் சேர்ந்ததுதான். அசைவச் சாப்பாட்டுக்குப் பேர்போன ஒரு நாட்டில் அதை வெறும் சமையலறை விதி என்று எடுத்துக்கொள்ள ஆய்வாளரின் மனைவி மறுத்துவிட்டார். நோட்டில் அந்த வீட்டுக்கு எதிரே அவர் கையால் ஒரு பெருக்கல் குறி.

முன்பணம் பற்றிச் சட்டம் தெளிவாக இருக்கிறது. 2017-ஆம் ஆண்டின் தமிழ்நாடு வாடகைச் சட்டம் 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்தது. ஒப்பந்தத்தில் வேறுவிதமாகச் சொல்லாதவரை மூன்று மாத வாடகைக்கு மேல் முன்பணம் கூடாது. ஆய்வாளர் இதை ஒரு வீட்டுக்காரரிடம் பணிவாகத் தெரிவித்தார். அவர் அதைவிடப் பணிவாகக் கேட்டுக்கொண்டு, “அப்ப ஒப்பந்தத்துல வேற மாதிரி எழுதிக்கலாமுங்க” என்றார். சட்டத்தை இவ்வளவு விரைவாக உள்வாங்கியவரை ஆய்வாளர் அதற்குமுன் சந்தித்ததில்லை.

மற்றவை சுருக்கமாக. அலாரம் தேவையில்லை, மயில்கள் இருக்கின்றன. மொட்டை மாடியில் வடகம் காயவைப்போர் அவற்றைத் தேசியப் பறவை என்று அழைப்பதில்லை. மருதமலை அடிவாரம், பாரதியார் பல்கலைக்கழக வளாகம், சோமையம்பாளையம் பக்கம் காட்டு யானை வந்துபோவது வழக்கமான செய்தி. அரிசி வாசம் பிடித்து வீட்டுக்குள் துதிக்கை நீட்டியவையும் உண்டு. வாசலில் பசுமை, ஜன்னலில் மலை என்று விளம்பரம் செய்யும் மனைக்காரர்கள் யானையைத் தனியே குறிப்பிடுவதில்லை. அதற்குக் கூடுதல் கட்டணம் கேட்கலாம் என்று இன்னும் தோன்றவில்லை போலும். பழைய வீடுகளில் பொடக்காலி கேட்டு ஏமாறக் கூடாது. கொல்லைப்புறம் என்று சொன்னாலும் கிடைக்காது. அந்த இடத்தில் இப்போது இன்னொரு வாடகை வீடு நிற்கிறது.

நான்காவது ஞாயிறு. மேட்டுத் தெருவில் மாடி வீடு ஒன்று மனதுக்குப் பிடித்திருந்தது. மறுபடி போய்ப் பேசுமுன் ஒரு டீ குடிக்கலாம் என்று ஆய்வாளர் பேக்கரியில் உட்கார்ந்தார். கல்லாவிலிருந்தவர் சர்க்கரை குறைவாகப் போட்ட டீயைக் கேட்காமலே அனுப்பினார்.

“மேட்டு வீடுதானுங்களே? நேத்து அந்தம்மா வந்து உங்களப் பத்திக் கேட்டுட்டுப் போனாங்க. நல்ல மாதிரின்னு சொல்லியிருக்கனுங்க. அட்வான்ஸ் கொஞ்சம் கொறையும்.”

ஆய்வாளர் நோட்டைப் புரட்டினார். எட்டுக் கேள்விகளில் ஒன்றுதான் மீதமிருந்தது: குப்பை வண்டி எத்தனை மணிக்கு வரும்? அவர் வாயெடுப்பதற்குள் பதில் வந்தது.

“குப்பை வண்டி ஏழு மணிக்குங்க. ஞாயித்துக்கெழம நீங்க எந்திரிக்க எட்டாகுமாமா, பாப்பா சொல்லுச்சு. வாளிய வாசல்ல வெச்சுருங்க, அந்தம்மா எடுத்துப் போட்டுக்குவாங்க.”