எல்லாம் கோட்ல இருக்கு ப்ரோ!

பெருங்குடியிலிருந்து சிறுசேரி வரை சென்னை ஓ.எம்.ஆரில் எந்த டீக்கடையில் நின்றாலும் நம்மாள் ஒருவராவது கண்ணில் படுவார். கழுத்தில் அடையாள அட்டை, ஒரு கையில் டீ, இன்னொரு கையில் போன். மடிக்கணினி முதுகுப்பைக்குள் இருந்தாலும் அதன் மூடியில் என்னென்ன ஸ்டிக்கர் இருக்கும் என்று பார்க்காமலே சொல்லிவிடலாம். சுக்கான் சக்கரம் என்றால் குபர்நெட்டீஸ். பெட்டிகளை முதுகில் சுமக்கும் திமிங்கிலம் டாக்கர். இன்னும் நாலைந்து இருக்கும். அவற்றில் சில மென்பொருள்களை இப்போது யாரும் சீந்துவதில்லை, ஸ்டிக்கர் மட்டும் உரிய மாட்டேன் என்கிறது.

பதவிக்குப் பெயர் டெவ்ஆப்ஸ் இன்ஜினீயர். சில காலம் சைட் ரிலயபிலிட்டி இன்ஜினீயர் என்று இருந்தது. இப்போது பிளாட்ஃபார்ம் இன்ஜினீயர். நாற்காலி அதே நாற்காலிதான், திட்டுகிற மேனேஜரும் அவரேதான்.

நண்பர்களைப் பார்த்தால் “சாப்டாச்சா?” என்று கேட்க மாட்டார். “இன்னும் ஜென்கின்ஸ்லயா ஓட்டுறீங்க?” என்பார். எதிரில் நிற்பவருக்கு அந்த இடத்திலேயே ஐந்து வயது கூடிவிடும். எழுதிய நிரலைச் சோதித்து, சர்வரில் ஏற்றுவது வரை தானாகச் செய்யும் மென்பொருள் ஜென்கின்ஸ். ஹட்சன் என்று இருந்தது, ஆரக்கிள் நிறுவனத்தோடு பெயர்த் தகராறு வந்து 2011இல் ஜென்கின்ஸ் ஆயிற்று. நம்மாள் ஆபீசில் ஓடுவதும் அதுதான். அதை அவர் டீக்கடையில் சொல்வதில்லை.

அவர் படும் அவஸ்தைக்குக் காரணம் இல்லாமல் இல்லை. 2013 மார்ச்சில் டாக்கர் வெளியே வந்தது. மென்பொருளை அதற்கு வேண்டிய சகலத்தோடும் ஒரு பெட்டியில் அடைத்துவிட்டால் எங்கே வேண்டுமானாலும் ஓட்டலாம் என்றார்கள். கற்றுக்கொண்டார். பெட்டிகள் பெருகியதும் அவற்றை மேய்க்க மெசோஸா, ஸ்வார்மா என்ற கேள்வி வந்தது. ஸ்வார்ம் என்று முடிவு கட்டி, அதையும் கற்றார். 2014இல் கூகுள் வெளியிட்ட குபர்நெட்டீஸ் ஜெயித்துவிட்டது. சரி, அதையும் கற்றார். 2020 டிசம்பரில், டாக்கரோடு பேசுவதற்கென்று வைத்திருந்த டாக்கர்ஷிம் என்ற பகுதியைக் கைவிடப்போவதாகக் குபர்நெட்டீஸ்காரர்கள் அறிவித்தார்கள். “டாக்கர் செத்துப்போச்சு” என்ற சேதியை இரவோடு இரவாக அத்தனை வாட்ஸாப் குழுவிலும் போட்டவர் நம்மாள்தான். பதற வேண்டாம், நீங்கள் கட்டி வைத்த பெட்டிகள் எப்போதும்போல் ஓடும் என்று குபர்நெட்டீஸ் குழுவே உட்கார்ந்து விளக்கம் எழுத வேண்டி வந்தது. 2022 மேயில் அந்தப் பகுதியை நிஜமாகவே எடுத்தார்கள். அவர் ஆபீசில் ஒரு சலசலப்பும் இல்லை. அங்கே இருந்தது அதற்கு முந்தைய பதிப்பு.

குபர்நெட்டீஸில் வருடத்துக்கு மூன்று பதிப்பு வருகிறது. ஒவ்வொன்றுக்கும் ஏறத்தாழ 14 மாதம்தான் ஆதரவு. சனிக்கிழமை ராத்திரி கண்விழித்து ஒன்றை ஏற்றி முடித்து, “அப்பாடா” என்று மூச்சு விடுவதற்குள் அடுத்தது கதவைத் தட்டும்.

டெராஃபார்ம் விவகாரம் இதைவிடச் சுவாரஸ்யம். எத்தனை சர்வர், எந்த நெட்வொர்க், யாருக்கு என்ன அனுமதி என்று எல்லாவற்றையும் எழுதி வைத்துவிட்டால் கிளவுடில் அதை அப்படியே உண்டாக்கித் தரும் கருவி அது. “எல்லாம் கோட்ல இருக்கு ப்ரோ” என்று நம்மாள் மார்தட்டுவது இதை வைத்துத்தான். 2023 ஆகஸ்ட் 10ஆம் தேதி ஹாஷிகார்ப் நிறுவனம் டெராஃபார்மின் திறமூல உரிமத்தை மாற்றி, போட்டி நிறுவனங்கள் அதை வைத்துப் பிழைக்க முடியாதபடி வேலி போட்டது. கொதித்தெழுந்தவர்கள் பழைய நிரலைப் பிரித்தெடுத்து ஓப்பன்டோஃபு என்று தனிக்குடித்தனம் போனார்கள். லினக்ஸ் ஃபவுண்டேஷன் இடம் கொடுத்தது. பிறகு ஹாஷிகார்ப்பையே ஐ.பி.எம். 640 கோடி டாலருக்கு விலை பேசி வாங்கியது. இந்தச் சண்டையில் நம்மாள் ஓப்பன்டோஃபு கட்சி. லிங்க்டுஇன்னில் நீண்ட அறிக்கை எழுதினார், எழுபது பேர் கைதட்டினார்கள். ஆபீசில் இன்றும் டெராஃபார்ம்தான், அதுவும் 2019இல் வந்த பதிப்பு. மாற்றப் போனால் என்ன உடையும் என்று யாருக்கும் தெரியாது.

யாமல் இல்லாமல் அவர் வாழ்க்கை இல்லை. குபர்நெட்டீஸ் உட்பட அவர் கருவிகளில் பலவும் அந்த வடிவத்தில்தான் கட்டளை வாங்கும். வரிகளின் முன்னால் விடும் இடைவெளியை வைத்தே அது அர்த்தம் செய்துகொள்ளும். ஒரு இடம் தள்ளிப்போனால் கதை கந்தல். இடைவெளிக்கு டாப் விசையைத் தட்டினால் ஏற்கவே ஏற்காது. நாடுகளின் பட்டியலில் நார்வேயைக் குறிக்கும் என்.ஓ. என்ற இரண்டெழுத்தை மேற்கோள் குறியின்றி எழுதினால், பழைய யாமல் அதை ‘இல்லை’ என்று படித்துக்கொள்ளும். ஒரு தேசமே பொய் என்றாகிவிடும். இந்த ஒரு பிழையைத் தேடி ஒரு முழு வெள்ளிக்கிழமையைத் தொலைத்தவரிடம் ஸ்காண்டிநேவியா பற்றிப் பேசாமலிருப்பது நல்லது.

இத்தனைக்கும் அடியில் ஓடும் சரக்கு ஒன்றுதான் என்பதை அவர் லேசில் ஒப்ப மாட்டார். ‘இந்த இயந்திரம் இப்படி இருக்க வேண்டும் என்று எழுதி வை, விலகியிருந்தால் கருவி வந்து நேர்செய்யும்’ என்ற யோசனையை 1993இலேயே மார்க் பர்ஜெஸ் என்பவர் சிஎஃப்இன்ஜின் என்ற பெயரில் செய்து காட்டிவிட்டார். 2005இல் பப்பெட், 2009இல் செஃப், 2012இல் ஆன்சிபிள், 2014இல் டெராஃபார்ம் என்று வந்தவை அதன் பிள்ளைகளும் பேரன்களும்தான். ஒன்றை ஒழுங்காகக் கற்றவர் அடுத்ததை ஓரிரு வாரத்தில் பிடித்துக்கொள்வார்.

ஆனால் நேர்முகத் தேர்வில் யோசனையையா கேட்கிறார்கள்? பெயரைக் கேட்கிறார்கள், எத்தனை வருடம் என்று கேட்கிறார்கள். ஃபாஸ்ட்ஏபிஐ என்ற பைத்தான் கருவியை உருவாக்கிய செபஸ்தியான் ராமிரெஸ் 2020இல் ஒரு வேலை விளம்பரத்தைப் பார்த்தார். ஃபாஸ்ட்ஏபிஐயில் நாலு வருட அனுபவம் வேண்டும் என்றிருந்தது. அதை அவர் உருவாக்கியே ஒன்றரை வருடம்தான் ஆகியிருந்தது. பெற்றவருக்கே அந்த கதி என்றால், பெருங்குடியில் ஈ.எம்.ஐ. கட்டுகிறவர் என்னதான் செய்வார்?

சான்றிதழ் வாங்குவார். தன் கிளவுடுக்காக அமேசான் கொடுப்பது மூன்று வருடத்துக்குச் செல்லும். குபர்நெட்டீஸ் நிர்வாகிக்கான சான்றிதழும் முன்பு மூன்று வருடம்தான், 2024 ஏப்ரலிலிருந்து இரண்டாகக் குறைத்துவிட்டார்கள். வருடா வருடம் டிசம்பரை ஒட்டி லாஸ் வேகஸில் அமேசான் மாநாடு நடக்கும்; அங்கே காலை எட்டு என்றால் இங்கே இரவு ஒன்பதரை. தட்டில் இட்லி ஆற ஆற, புதுச் சேவைகளின் பெயர்களைக் குறித்துக்கொண்டிருப்பார். 200க்கும் மேற்பட்ட சேவைகள் ஏற்கெனவே இருக்கின்றன. அவர் ஆபீசில் பயன்படுத்துவது ஏழு.

ஆபீஸ் நிஜமாக ஓடுவது எதில் என்று பார்த்தால், எப்போதோ வேலையை விட்டுப்போன ஒரு சீனியர் எழுதிய பேஷ் ஸ்கிரிப்டில். பேஷ் பிறந்தது 1989. அதை ராத்திரி இரண்டு மணிக்கு எழுப்பிவிடும் கிரான் அதற்கும் மூத்தது. கோப்பின் பெயர் ‘ஃபைனல்_நியூ_2’. உள்ளே ஒரே ஒரு குறிப்பு: ‘இந்த வரியைத் தொடாதே’. வாடிக்கையாளர்களின் பில் எல்லாம் அந்த வரியைத் தாண்டித்தான் போகிறது. அதைக் குபர்நெட்டீஸுக்கு மாற்றும் திட்டம் மூன்று மேனேஜர்களைப் பார்த்துவிட்டது.

பெரிய விபத்துக் கதைகளை அவர் வாயால் கேட்க வேண்டும், காலட்சேபம் தோற்றுப்போகும். 2017 ஜனவரி 31, கிட்லேப் நிறுவனத்தில் களைத்துப்போயிருந்த பொறியாளர் ஒருவர் தப்பான சர்வரில் அழிப்புக் கட்டளையைத் தட்டினார். சுமார் 300 ஜி.பி. தரவில் மிஞ்சியது 4.5 ஜி.பி. ஐந்து விதமான காப்பு ஏற்பாடு இருந்தும் எதுவும் கைகொடுக்கவில்லை. வேறொரு வேலைக்காக ஆறு மணி நேரம் முன்பு கையால் எடுத்து வைத்த ஒரு நகல்தான் மானத்தைக் காப்பாற்றியது. அடுத்த மாதமே அமேசானில் ஒரு ஊழியர் கட்டளையில் ஓர் உள்ளீட்டைத் தவறாகக் கொடுக்க, வர்ஜீனியா மையத்தில் கோப்புகளைச் சேமித்து வைக்கும் எஸ்3 சேவை ஏறத்தாழ நாலு மணி நேரம் படுத்துவிட்டது. சேவை படுத்துவிட்டதைச் சொல்ல வேண்டிய பலகையும் எஸ்3ஐ நம்பியே இருந்ததால், அது ரொம்ப நேரம் ‘எல்லாம் நலம்’ என்றே காட்டிக்கொண்டிருந்தது. இங்கே நிறுத்தி, “மனுஷன் கை பட்டாலே தப்புதான் ப்ரோ, ஆட்டோமேஷன் வேணும்” என்பார். 2025 அக்டோபர் 20ஆம் தேதி அதே வர்ஜீனியா மையம் மறுபடி விழுந்தபோது, ஒன்றையொன்று முந்திக்கொண்டு முகவரிப் பட்டியலைக் காலியாக்கியது ஆட்டோமேஷன்தான். மனிதர்கள் உட்கார்ந்து கையால் சரிசெய்தார்கள். இந்தக் கதையை அவர் கொஞ்சம் வேகமாகச் சொல்லி முடித்துவிடுவார்.

வீட்டிலும் விடவில்லை. மொட்டைமாடித் தொட்டி நிறைந்ததும் தண்ணி மோட்டார் தானாக நிற்க ஒரு ராஸ்பெர்ரி பை, அதைக் கண்காணிக்க இன்னொன்று, இரண்டையும் கண்காணிக்க போனில் ஒரு திரை. வைஃபை போன அன்று தண்ணீர் மாடிப்படி வழியாக இறங்கி வந்தது. மனைவி அமைதியாகப் போய்ச் சுவிட்சை அணைத்தார். அதற்குப் பிறகு அந்தச் சுவிட்ச் மனைவியின் பொறுப்பில்தான் இருக்கிறது.

மைத்துனன் கல்யாணத்தில், தாலி கட்டும் நேரம் பார்த்து போன் அலறியது. பந்தி இலைக்கட்டுகளுக்கு நடுவே மடிக்கணினியை விரித்து உட்கார்ந்தவரிடம் பெரிய மாமா வந்து நின்றார்.

“என்ன வேலை மாப்ள இது?”

“எல்லாம் தானா நடக்கிற மாதிரி பண்ணி வைக்கிறதுதான் மாமா வேலை.”

“தானா நடந்தா உங்களை எதுக்குக் கூப்பிடுறாங்க?”

மாமா மின்வாரியத்தில் முப்பது வருடம் இருந்தவர். பதிலுக்குக் காத்திராமல் பந்திக்குப் போய்விட்டார்.

ஊர் திரும்பியதும் நம்மாள் ஒரு ஸ்கிரிப்ட் எழுதினார். தன்னுடைய சான்றிதழ்கள் காலாவதியாவதற்கு ஒரு மாதம் முன்பே அது நினைவூட்ட வேண்டும். சோதித்தும் பார்த்தார், அருமையாக வேலை செய்தது. குபர்நெட்டீஸ் சான்றிதழ் காலாவதியான பிறகுதான் ஸ்கிரிப்ட் ஏன் வாயே திறக்கவில்லை என்று உள்ளே போய்ப் பார்த்தார். மெயில் அனுப்ப அது வைத்திருந்த டோக்கன் அதற்கு முன்பே காலாவதியாகியிருந்தது. இப்போது டோக்கனை நினைவூட்ட இன்னொரு ஸ்கிரிப்ட் எழுதிக்கொண்டிருக்கிறார், இந்த முறை கோ மொழியில்.