ஓட்டமும் நடையுமாக: பாணேர்க் குன்றை முன்வைத்து ஓர் ஆய்வு

ஆய்வுப் பொருள்

புனே நகரின் மேற்கே, பழைய ஊருக்கும் ஹிஞ்ஜேவாடியின் கணினிக் கம்பெனிகளுக்கும் நடுவில் இருக்கிறது பாணேர். அங்கே விடியற்காலையில் இரண்டு வகை மனிதர்களைப் பார்க்கலாம்: நடப்பவர்கள், ஓடுபவர்கள். இந்த இரு சாராரைப் பற்றியும் அறிஞர்கள் எழுதித் தள்ளியிருக்கிறார்கள். நேற்றுவரை நடந்து, நாளை முதல் ஓடுவதென்று வீட்டில் அறிவித்துவிட்டு, இன்றைக்கு இரண்டும் இல்லாமல் நிற்கும் மூன்றாம் சாராரைத்தான் யாரும் சீந்தவில்லை. அந்தக் குறையை நீக்கவே இக்கட்டுரை.

களம், பாணேர்க் குன்று. ஊர்க்காரர்கள் ‘டேக்டி’ என்பார்கள். உச்சியில் துகாய் மாதா கோயில். காலையில் டேக்டி ஏறுவது புனேக்காரர்களுக்கு மயிலாப்பூர்வாசி குளத்தைச் சுற்றிவருவது மாதிரி. உடம்புக்கும் ஆச்சு, ஊர் வம்புக்கும் ஆச்சு. சுமார் 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் எரிமலைக் குழம்பு உறைந்து உண்டான தக்காணக் கரும்பாறை இது. அவசரம் என்பதையே அறியாத இடம் என்பதால் ஆய்வுக்குத் தோதாக அமைந்தது. கருவிகள்: இரண்டு கண், ஒரு தண்ணீர் பாட்டில். மாதிரிகளின் எண்ணிக்கை குறிக்கப்படவில்லை. இரைக்க இரைக்கப் பேனா பிடிப்பது கடினம்.

கண்டறிந்தவை

புதிதாக ஓடுபவர் எப்போது ஓடுகிறார்? எதிரே ஆள் வரும்போது. எப்போது நடக்கிறார்? அந்த ஆள் தாண்டிப் போனதும். வளைவுக்கு அப்பால் பேச்சுக்குரல் கேட்டவுடன் முழங்கைகள் மடங்குகின்றன, மார்பு விரிகிறது, பாதம் எழும்புகிறது. குரல் ஓய்ந்ததும் எல்லாம் பழைய நிலைக்குத் திரும்புகிறது. எதிரே வருபவர் அதே அடுக்குமாடிக் குடியிருப்பைச் சேர்ந்தவர் என்றால் வேகம் இன்னும் கூடும். நுரையீரல் இயக்குவதாக நாம் நினைக்கும் ஓட்டத்தை, பாணேரில் குடியிருப்போர் நலச் சங்கம் இயக்குகிறது.

ஷூ லேஸ் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். நாற்பது வயது மதிக்கத்தக்க ஒருவர் ஏற்றத்தின் பாதியில் சட்டென்று நின்றார். குனிந்தார். லேஸ் ஒழுங்காகத்தான் இருந்தது. அதை அவிழ்த்தார். இரண்டு பெண்கள் சிரித்துப் பேசியபடி கடந்து போகும்வரை அவிழ்த்தபடியே இருந்தார். பிறகு கட்டினார். அடுத்த காலையும் சும்மா விடவில்லை. மூச்சு வாங்குவதை ஒப்புக்கொள்வதைவிட, லேஸ் கட்டத் தெரியாதவர் என்று பெயர் எடுப்பது மேல் என்பது அவர் முடிவு. கீழே பாணேர் சாலை சிக்னலில் இதற்கு நேர் எதிரான பிரிவினரைக் காணலாம். சிவப்பு விளக்குக்கு வண்டிகள் நின்றாலும் இவர்கள் நிற்பதில்லை. நின்ற இடத்திலேயே குதிக்கிறார்கள். பச்சை விழுந்ததும் நடக்கிறார்கள்.

எவர் தூண்டுதலும் கௌரவப் பிரச்சினையும் இல்லாமல் நடை தானாகவே ஓட்டமாக மாறிய நேர்வு ஒன்றே ஒன்று. அதற்குக் காரணமான தெருநாய் ஆய்வுக்கு எழுத்துமூலம் சம்மதம் தராததால் விவரங்களை வெளியிட இயலவில்லை.

இலக்கணம்

வேகமாக நடந்தால் ஓட்டம் என்று பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். கோளாறு இங்கேதான் ஆரம்பிக்கிறது. நடையில் எந்தக் கணத்திலும் ஒரு பாதமாவது தரையில் இருக்கும். ஓட்டத்தில் இரண்டு பாதமும் தரையை விட்டுப் போகும் ஒரு கணம் உண்டு. வித்தியாசம் அவ்வளவுதான், வேகத்துக்கு இதில் வேலையே இல்லை. நடைப்பந்தய நடுவர்கள் வெறும் கண்ணால் பார்த்துப் பிடிப்பதும் இந்தக் கணத்தைத்தான். 2012 லண்டன் ஒலிம்பிக்கில் மலப்புறத்துக்காரர் கே.டி. இர்ஃபான் 20 கிலோமீட்டரை 1 மணி 20 நிமிடம் 21 வினாடியில் நடந்தே முடித்துப் பத்தாவதாக வந்தார். மணிக்குக் கிட்டத்தட்ட 15 கி.மீ. பாணேரில் காலையில் ஓடுபவர்களில் முக்கால்வாசிப் பேரை அவர் நடந்தே முந்திவிடுவார், அதுவும் சட்டத்துக்கு உட்பட்டு.

அப்படியானால் சாதாரண ஆள் எந்த வேகத்தில் நடையிலிருந்து ஓட்டத்துக்குத் தாவுகிறார்? இதற்குக் கணக்கு இருக்கிறது, கப்பலிலிருந்து வந்த கணக்கு. 19ஆம் நூற்றாண்டில் வில்லியம் ஃப்ரூட் என்ற ஆங்கிலப் பொறியாளர் கப்பல்களின் சிறு மாதிரிகளைத் தண்ணீரில் இழுத்துச் சோதனை செய்தார். அவர் பெயரில் வழங்கும் எண்ணைப் பின்னாளில் மெக்நீல் அலெக்சாண்டர் என்ற விலங்கியல் அறிஞர் கால்களுக்குப் பொருத்திப் பார்த்தார். வேகத்தின் வர்க்கத்தை, புவியீர்ப்பையும் கால் நீளத்தையும் பெருக்கிய தொகையால் வகுக்க வேண்டும். விடை 0.5ஐ ஒட்டி வரும்போது மனிதர்கள் ஓடத் தொடங்குகிறார்கள். குதிரையும் ஏறத்தாழ அங்கேதான் நடையை மாற்றுகிறது. கால் நீளம் 90 செ.மீ. என்றால் மணிக்குச் சுமார் 7.5 கி.மீ. ஆறில் ஒரு பங்கு ஈர்ப்பே உள்ள நிலவில் இந்தக் கணக்குப்படி இது சுமார் 3 கி.மீ.க்கு இறங்கிவிடும். பாணேரில் வீட்டு வாடகை எவ்வளவோ ஏறியும் ஈர்ப்பு மட்டும் அப்படியே இருக்கிறது.

இந்த எல்லைக்குக் கீழே நடைதான் சிக்கனம். நடக்கும்போது விறைத்த காலின்மேல் உடம்பு தலைகீழ் ஊசலாக ஏறி இறங்கி, செலவழித்த ஆற்றலில் ஒரு பகுதியைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறது. ஓட்டத்தில் அந்த வசதி இல்லை. தசைநார் சுருள்வில்லாக வேலை செய்ய வேண்டும். ஒவ்வொரு முறை கால் ஊன்றும்போதும் உடல் எடையைப் போல இரண்டு, இரண்டரை மடங்கு விசை தாங்க வேண்டும். ஆக, மெதுவாக ஓடுபவரிடம் அவர் உடம்பு “நடந்தே போயிருக்கலாமே” என்று கேட்பது சோம்பேறித்தனத்தால் அல்ல, கணக்குப் பார்த்துத்தான். ஓட்டத்துக்கு ஆகும் செலவு, ஒரு கிலோ எடைக்கு ஒரு கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 1 கிலோகலோரி. 70 கிலோ ஆசாமி ஒரு வடாபாவைக் கரைக்க நாலு கிலோமீட்டராவது ஓட வேண்டும். குன்றடிவாரத்தில் வடாபாவ் வண்டிக்குப் போக அவருக்கு நாற்பது அடி போதும்.

ஆஜோபா சிக்கல்

மேற்கண்ட அறிவியலெல்லாம் தெரிந்தவரும் தோற்கும் இடம் ஒன்று உண்டு. பின்னால் ஒரு தடி தட்டும் ஓசை கேட்கிறது. எழுபதைத் தாண்டிய ஆஜோபா, அதாவது தாத்தா, தலையில் குரங்குக் குல்லாய், கையில் ஊன்றுகோல். நடந்து வந்து, ஓடிக்கொண்டிருப்பவரை முந்துகிறார். முந்தும்போது கனிவாக ஒரு சொல்: “ஹளூ, ஹளூ.” மெதுவா, மெதுவா என்று அர்த்தம். புது ஓட்டக்காரர் இதைக் கேலி என்று எடுத்துக்கொண்டு, பல்லைக் கடித்து, தாத்தாவை முந்துகிறார். இருநூறு அடியில் ஷூ லேஸ் அவிழ்கிறது.

தாத்தா சொன்னதைவிடச் சரியான பயிற்சிக் குறிப்பு கிடையாது என்பதே இவ்வாய்வின் துணிபு. புதிதாக ஓடுபவர்கள் கைவிடுவது ஓட முடியாததால் அல்ல, நடப்பவரைவிட மெதுவாக ஓடச் சம்மதிக்காததால். பக்கத்தில் வருபவரோடு முழு வாக்கியம் பேச முடிகிற வேகமே சரியான வேகம். பெரும்பாலோருக்கு அது ஆஜோபாவின் வேகத்துக்குக் கீழே இருக்கிறது. இதில் அவமானப்பட ஒன்றுமில்லை. அவர் முப்பது வருஷமாக அந்தக் குன்றை ஏறுகிறவராக இருக்கலாம்.

ஷூ வாங்கினால் சரியாகும் என்ற மாற்றுக் கருத்து உண்டு. பாணேர் கடைகள் அதை மிக உறுதியாக ஆதரிக்கின்றன. ஆனால் இதே புனேயில், டெக்கான் ஜிம்கானாவின் விளையாட்டுப் போட்டியில், வெறுங்காலோடு ஓடிய கிராமத்து ஆட்களைப் பார்த்துத்தான் தொராப்ஜி டாட்டாவுக்கு 1920 ஆண்ட்வெர்ப் ஒலிம்பிக்குக்கு இந்திய அணி அனுப்பும் எண்ணம் வலுத்தது. அந்த அணியில் போன பெல்காம்காரர் ஃபடேப்பா சௌகுலே மாரத்தானில் 19ஆவதாக வந்தார். நல்ல ஷூ வேண்டாமென்று சொல்லவில்லை. முரம்பு மண்ணில் கல் குத்தும். ஆனால் ஷூ ஓடாது, நீங்கள்தான் ஓட வேண்டும் என்பதே வாதம்.

பரிந்துரை

1996இல் ஜாஷ் கிளார்க் என்ற அமெரிக்கர், ஓடியே பழக்கமில்லாதவர்களுக்காக ஒரு திட்டம் போட்டார். ஒன்பது வாரம், வாரம் மூன்று நாள். முதல் வாரத்தில் ஐந்து நிமிடம் விறுவிறு நடை. பிறகு 60 வினாடி ஓட்டம், 90 வினாடி நடை என்று மாற்றி மாற்றி 20 நிமிடம். நடுவில் வரும் நடை தண்டனை அல்ல, அதுவும் திட்டத்தின் அங்கம்தான். மூச்சும் இதயமும் சில வாரங்களில் பழகிவிடும். தசைநாருக்கும் எலும்புக்கும் மாதக்கணக்கில் ஆகும். மூன்றாம் வாரத்தில் “இன்னும் ஓடலாமே” என்று தோன்றும்போது கணைக்கால் எலும்பு வலிக்கத் தொடங்குவது இதனால்தான். நாளை ஓடலாமா என்று நெஞ்சைக் கேட்காதீர்கள், காலைக் கேளுங்கள்.

பாணேர்த் தமிழர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஜூன் பிறந்துவிட்டால் மழையில் குன்றுப்பாதை சேறாகி, கரும்பாறை வழுக்கும். ஏற்றத்தில் எப்படி வேண்டுமானாலும் திணறுங்கள், யாரும் தப்பாக எண்ண மாட்டார்கள். ஆனால் இறக்கத்தில் ஓடாதீர்கள். முழங்காலுக்கும் தொடைக்கும் அடி விழுவது அங்கேதான். கீழே வரும்வரை நடந்தே வாருங்கள், எதிரே அடுக்குமாடிச் செயலாளரே வந்தாலும் சரி.